நவாஹோ வெள்ளியில் கல் பதிப்பு: சேனல் கட்டுவது, கல்லைப் பொருத்துவது, தேய்ப்பது (விவாத இழை)

#1 சாமணம்

வணக்கம். வெள்ளியில் பற்றவைப்பும் பெசல் (கல்லைச் சுற்றிய வெள்ளி விளிம்பு) கட்டி ஒற்றைக் கல் வைப்பதும் தெரியும். அமெரிக்கப் பழங்குடியான நவாஹோ மக்களின் நகைகளில் டர்க்காய்ஸ் (நீலப்பச்சைக் கல்), பவழம், கருப்பு ஜெட் கல், சிப்பி எல்லாம் ஒரே சமதளமாக, நடுவில் மெல்லிய வெள்ளிக் கோடுகளோடு இருக்குமே, அந்தச் சேனல் (வெள்ளிச் சுவர் கட்டிய அறைகள்) கல் பதிப்பைப் படிப்படியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 40 x 25 மி.மீ. அளவில் பயிற்சிக்காக ஒரு பதக்கம், அதன்பின் ஒரு காப்பு என்பது திட்டம். தகடு எவ்வளவு தடிமன்? சுவர் எவ்வளவு உயரம்? கல்லின் பக்கவாட்டைச் சாய்வாக அரைக்க வேண்டுமா, நேராகவா? எந்தப் பசை? தேய்த்து முடித்த பிறகு கற்களுக்கு நடுவே கோடாக இடைவெளி தெரிவது ஏன்? விரிவாகச் சொன்னால் பலருக்கும் பயன்படும்.

#2 சுவடிப்பெட்டி

செய்முறையைப் பட்டறைக்காரர்கள் சொல்வார்கள். அதற்கு முன் இது யாருடைய வேலை என்பதைச் சொல்லிவிடுகிறேன். பெயர் தவறினால் சட்டமே குறுக்கே வரும் துறை இது.

நவாஹோ மக்கள் தங்களைத் தினே என்பார்கள். அமெரிக்க ராணுவத்தின் பாஸ்கே ரெடோண்டோ முகாமில் சிறைவாசம் முடிந்து 1868-ல் ஊர் திரும்பிய பிறகுதான் அவர்களிடம் வெள்ளி வேலை பரவியது. முதல் தலைமுறைக் கொல்லர்களில் அட்சிடி சானியின் பெயர் முதலில் வரும். ஆரம்பத்தில் கல்லே கிடையாது. நாணயத்தை உருக்கி, அடித்து, அச்சுக் குத்தி உருவாக்கிய வெள்ளிதான். அமெரிக்க நாணயத்தில் 90 சதவீதம் வெள்ளி. அதைச் சிதைப்பதற்கான தடை 1890-ல் இறுகியதும் மெக்சிகோ பெசோவுக்கு மாறினார்கள். இப்போது 925 (92.5 சதவீத வெள்ளி) தகடும் கம்பியும்.

வெள்ளி வேலையை ஜூனி மக்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அட்சிடி சோன் என்ற நவாஹோ கொல்லர், 1870களின் தொடக்கத்தில். கல்லையும் சிப்பியையும் வெட்டிச் சேர்ப்பதிலோ ஜூனி, கேவா முதலிய புவெப்லோ (ஊர்கட்டி வாழும் பழங்குடிகள்) ஊர்கள் பல நூற்றாண்டுகள் முந்தியவை. சாக்கோ பள்ளத்தாக்கின் புவெப்லோ பொனிட்டோவில், டர்க்காய்ஸ் கண் பதித்த ஜெட் தவளை அகழாய்வில் கிடைத்திருக்கிறது. ஆக, வெள்ளி நவாஹோ பக்கமிருந்து போனது, கல் பதிப்பு புவெப்லோ பக்கமிருந்து வந்தது. 1930, 40களில் வணிகர் சி.ஜி.வாலஸ் போன்றவர்கள் நவாஹோ கொல்லரிடம் வெள்ளியையும் ஜூனி கல்வெட்டுநரிடம் பதிப்பையும் கொடுத்து ஒரே நகையை முடித்ததும் உண்டு. அந்தக் காலத்து நகையைப் பார்த்து ‘இது நவாஹோ’, ‘இது ஜூனி’ என்று ஒரே வார்த்தையில் சொல்பவரை நம்ப வேண்டாம்.

தினே வழக்கில் நான்கு புனித மலைகளுக்கும் ஆளுக்கொரு பொருள் உண்டு: கிழக்கே வெண்சிப்பி, தெற்கே டர்க்காய்ஸ், மேற்கே அபலோன் சிப்பி, வடக்கே ஜெட். நவாஹோ பதிப்பில் இந்த நாலும் திரும்பத் திரும்ப வருவதற்கு அழகு மட்டும் காரணமல்ல.

#3 பட்டறைக்கல்

சாமணம் தம்பி, முதலில் கேஜ், அதாவது தகட்டின் தடிமன் எண். அமெரிக்கப் பட்டறைக் குறிப்புகளில் வரும் கேஜ் வேறு, நம் கடைகளில் புழங்கும் எஸ்.டபிள்யூ.ஜி. வேறு. அவர்களுடைய 22 கேஜ் 0.64 மி.மீ.; எஸ்.டபிள்யூ.ஜி. 22 என்றால் 0.71. எப்போதும் மில்லிமீட்டரில் கேட்டு, வெர்னியரில் அளந்து வாங்குங்கள்.

பதக்கத்துக்கு அடித்தகடு 0.8 மி.மீ. போதும். அதைவிட மெலிந்தால் கடைசியில் தேய்க்கும்போது தகடு வளையும், பசை விடும். சுற்றுச்சுவர் 0.64, உள்சுவர் 0.5. சிலர் 0.4-ல் உள்சுவர் கட்டுவார்கள், கோடு மெல்லியதாக அழகாகத்தான் இருக்கும். ஆனால் கல்லை அழுத்திப் பொருத்தும்போது அந்தச் சுவர் ஒரு பக்கம் சாயும். தேய்த்த பிறகு நேர்கோடு நெளிந்து தெரியும். முதல் வேலைக்கு 0.5-க்குக் கீழே போகாதீர்கள். உயரம் 2 மி.மீ. தேய்ப்பில் கொஞ்சம் போய் 1.7, 1.8 நிற்கும்.

குறுக்குச் சுவர்கள் ஒன்றையொன்று வெட்டும் இடத்தில் இரண்டிலும் பாதி உயரத்துக்கு ரம்பத்தால் கீறி, ஒன்றில் ஒன்றை மாட்டிவிடுங்கள். துண்டு துண்டாக நறுக்கி முட்டவைத்தால் தீ பட்டதும் ஒவ்வொன்றும் ஒரு திசைக்கு நகரும். எல்லாச் சுவரின் அடிவிளிம்பையும் தட்டைக் கண்ணாடி மேல் வைத்த உப்புத்தாளில் தேய்த்து மட்டமாக்கிய பிறகே தகட்டில் வையுங்கள். பற்றாசு இடைவெளியை நிரப்பாது, ஒட்டி நிற்பதைத்தான் பிணைக்கும்.

பற்றாசு மூன்று தரம்: கடினமானது 790 டிகிரியை ஒட்டி ஓடும், நடுத்தரம் 740, எளிது 720. தயாரிப்பாளரைப் பொறுத்துச் சிறிது மாறும். 925 வெள்ளியே 800-ஐத் தாண்டியதும் இளக ஆரம்பிப்பதால் கடினப் பற்றாசில் கை நடுங்க நேரமில்லை. சுவர்களைக் கடினத்தில், பதக்க வளையத்தை நடுத்தரத்தில், பின்பக்கச் சின்ன வேலைகளை எளிதில். காட்மியம் கலந்த பற்றாசு வேண்டவே வேண்டாம். கே.டி.எம். தங்கத்தைக் கைவிட்டதற்கு என்ன காரணமோ அதேதான், அந்தப் புகை நுரையீரலைக் கெடுக்கும்.

பற்றாசு குறைவாக இருக்கட்டும். 1 மி.மீ. சதுரத் துணுக்கு, 5 மி.மீ.க்கு ஒன்று. வெங்காரம் பூசித் தகட்டைக் கீழிருந்து சூடாக்குங்கள். சுவர் மெல்லியது, மேலிருந்து தீ காட்டினால் அது முதலில் உருகும். அதிகப் பற்றாசு வைத்தால் சுவரும் தகடும் சேரும் உள்மூலையில் குழிவாகத் தேங்கிவிடும். கல்லின் அடிவிளிம்பு அதில் ஏறி உட்கார்ந்து, கல் ஒரு பக்கம் தூக்கும். ‘கல் அளவு சரி, ஆனால் உட்காரவில்லை’ என்பதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தத் தேக்கம்.

பற்றவைத்த கருமையை நீக்கும் ஆசிட்டுக்கு ஒரு லிட்டர் வெந்நீரில் 100 கிராம் சிட்ரிக் ஆசிட் போதும். எடுப்பதற்குச் செம்பு இடுக்கி. இரும்பு இடுக்கி நனைந்தால் வெள்ளி மேல் செம்பு படியும்.

எல்லாத் தீ வேலையும் கல்லுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வளையம், கொக்கி, முத்திரை அடிப்பது, வளைப்பது உட்பட. கல் உள்ளே போன பிறகு அந்த நகை தீயைப் பார்க்கவே கூடாது.

#4 நீலப்பாறை

பட்டறைக்கல் ஐயா வெள்ளியைச் சொல்லிவிட்டார், நான் கல்லைச் சொல்கிறேன்.

தேர்வில் முதல் கணக்கு கடினம். டர்க்காய்ஸ் 5 முதல் 6, லாபிஸ் லசூலி 5 முதல் 6, சுகிலைட் 5.5 முதல் 6.5. பவழம், சிப்பி, முள்சிப்பி எல்லாம் 3 முதல் 4-க்குள். மாலகைட் 3.5 முதல் 4. ஜெட் 2.5-ஐ ஒட்டியும் இருக்கும். கடினமும் மென்மையும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால், தேய்க்கும்போது மென்மையானது பள்ளமாகும். முதல் பயிற்சிக்கு டர்க்காய்ஸ், லாபிஸ் இரண்டும் போதும். பவழத்தையும் ஜெட்டையும் அடுத்த துண்டில் சேருங்கள்.

டர்க்காய்ஸில் பதிப்புக்கு உகந்தது ரெசின் ஏற்றி உறுதிப்படுத்திய கல். விற்பவர் அதை வெளிப்படையாகச் சொல்லி விற்றால் தவறில்லை. அரிசோனாவின் கிங்மன் சுரங்கக் கல் பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது. கலப்பில்லாத வான்நீலத்துக்குப் பெயர்போன ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் 2012-ல் டர்க்காய்ஸ் எடுப்பது நின்றுவிட்டது. பதிப்புக்காரர்கள் அதைத் தேடுவதற்குக் காரணம் உண்டு: மேட்ரிக்ஸ் (தாய்ப்பாறை) கோடு இல்லாத ஒரே நிறம் என்பதால் பத்துத் துண்டு வெட்டினாலும் பத்தும் ஒன்றுபோல இருக்கும். சுண்ணாம்புபோல் மென்மையான, உறுதிப்படுத்தாத கல்லைப் பதிப்புக்கு எடுத்தால் ஓரம் பொரியும், எபாக்ஸிப் பசையை உறிஞ்சி விளிம்பு கறுக்கும்.

வெட்டும் முறை: டைமண்ட் பிளேடில் நீர் ஓட 2.5 மி.மீ. பலகைகளாக அறுத்துக்கொள்ளுங்கள். சுவர் 2 மி.மீ. என்றால் கல் 0.3 முதல் 0.5 வரை மேலே நிற்க வேண்டும். அதற்கு மேல் நின்றால் தேய்ப்பு நேரம் வீண். குறைந்தால், ஒரு கல் தாழ்ந்து உட்கார்ந்துவிட்டாலும் அதற்காக மொத்த வெள்ளியையும் இறக்க வேண்டிவரும்.

அறையின் வடிவத்தை மெல்லிய காகிதத்தில் தேய்த்தெடுத்துக் கல்லில் ஒட்டி, கோட்டுக்கு வெளியே அரை மி.மீ. விட்டு அறுங்கள். பிறகு 220 எண் (சொரசொரப்பின் அளவு) டைமண்ட் வீல், கடைசிப் பொருத்தத்துக்கு 600. துண்டு சிறியதாகி விரலில் நிற்காதபோது ஒரு குச்சி நுனியில் அரக்கால் ஒட்டிப் பிடித்துக்கொள்ளுங்கள். உறுதிப்படுத்திய கல்லுக்கு அரக்கை அதிகம் சூடாக்கக் கூடாது.

கல்லோடு கல் சேரும் இடத்தைச் சோதிக்க அளவுகோல் வேண்டாம். இரண்டையும் சேர்த்து விளக்குக்கு எதிரே பிடியுங்கள். ஒளிக்கோடு தெரிந்தால் இன்னும் அரைக்க வேண்டும். கோடு நடுவில் மட்டும் தெரிந்தால் ஒரு முகம் குழிந்திருக்கிறது. இரு முனையில் தெரிந்தால் நடுவே புடைத்திருக்கிறது. வீலின் வளைவு கல்லில் ஏறுவதால் வருவது இது. கடைசி அரைப்பைத் தட்டையான லேப்பில் (சுழலும் அரைத்தட்டு) செய்தால் போய்விடும்.

எல்லாக் கல்லையும் பசையில்லாமல் அடுக்கிப் பார்த்து, எண் எழுதி, இருபக்க ஒட்டுநாடா ஒட்டிய வரைபடத்தில் அதே வரிசையில் வைத்த பிறகே பசையைக் கலக்கத் தொடங்குங்கள். ஒவ்வொரு கல்லின் அடிவிளிம்பையும் லேசாக மழுக்கிவிடுங்கள், ஐயா சொன்ன பற்றாசுத் தேக்கத்துக்கு இடம் கிடைக்கும்.

இன்னொன்று, தூசி. எல்லாம் ஈரத்திலேயே. மாலகைட்டும் டர்க்காய்ஸும் செம்புச் சேர்மங்கள், சிப்பித் தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. ஈரத்தில் அரைத்தாலும் தெறிக்கும் நீர்த்துளியில் தூசி இருக்கிறது. நல்ல முகமூடி கட்டாயம்.

#5 சாமணம்

நன்றி ஐயா, நன்றி அக்கா. பக்கவாட்டுச் சாய்வு பற்றி இன்னும் தெளிவு வேண்டும். அடிப்பக்கம் குறுகலாகச் சாய்த்து அரைத்தால் கல் எளிதாக இறங்கும், பசைக்கும் இடம் கிடைக்கும் என்று பல இடங்களில் படித்தேன்.

#6 நீலப்பாறை

இடைவெளிக்கு முதல் காரணமே அந்தச் சாய்வுதான். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

மேல்விளிம்பு சுவரை இறுக்கமாகத் தொடுகிறது, பக்கம் 5 டிகிரி உள்ளே சாய்கிறது என்று வைப்போம். ஒட்டிய பின் மேலிருந்து அரை மி.மீ. தேய்க்கிறீர்கள். இப்போது மேலே தெரிவது பழைய விளிம்பு அல்ல, அதற்கு அரை மி.மீ. கீழே இருந்த குறுகலான பகுதி. ஒரு பக்கத்தில் 0.04 மி.மீ. விலகல். எதிரே இருப்பதும் சாய்த்து அரைத்த கல்லென்றால் இரண்டும் சேர்ந்து 0.09. கண்ணுக்கு மெல்லிய கருங்கோடாகத் தெரியத் தொடங்கும் அளவு அது. சாய்வு 10 டிகிரியானால் 0.18, எட்டி நின்றாலே தெரியும். பசை போடும்போது இறுக்கமாக இருந்த பொருத்தம் தேய்த்த பிறகு திறப்பது இப்படித்தான்.

ஆகவே மேலிருந்து 1 மி.மீ. ஆழம் வரை சுத்தமான செங்குத்து. அதற்குக் கீழே மட்டும் 2, 3 டிகிரி உள்ளே வாங்கலாம். சாய்வே இல்லாமல் முழுக்க நேராக அரைத்தால் அதிகப் பசை வெளியேற வழியில்லாமல் கல்லை மேலே தள்ளும். எனவே கீழ்ச்சாய்வு தேவைதான், மேலே வரைக்கும் இழுக்கக் கூடாது.

#7 உமியோடு

பசைக்கு என் பரிந்துரை: சிறு துண்டுகளைச் சூப்பர்குளூவில் தொட்டு நிறுத்திக்கொண்டு, கடைசியில் மேலே எபாக்ஸி ஓடவிடலாம். துண்டு நகராது, வேலை வேகமாகப் போகும்.

கேவா ஊரில் 1930களின் பஞ்சக் காலத்தில் செய்த பறவைப் பதக்கங்களில் ஜெட் கிடைக்காமல் பழைய பேட்டரிப் பெட்டியையும் இசைத்தட்டையும் வெட்டிக் கருப்புக்குப் பயன்படுத்தினார்கள். பொருளும் பசையும் கைக்குக் கிடைப்பதுதான். பொருத்தம் சரியாக இருந்தால் நிற்கும். அந்தப் பதக்கங்கள் பல இன்றும் முழுதாக இருக்கின்றன.

#8 பட்டறைக்கல்

உமியோடு, பொருத்தம் பற்றிச் சொன்னது சரி. சூப்பர்குளூவில் உடன்பாடில்லை. அது கண்ணாடிபோல் இறுகிவிடும், விட்டுக்கொடுக்காது. வெள்ளியும் கல்லும் சூட்டில் விரியும் அளவு வேறு. உடலில் அணிந்து கழற்றும் பொருளில் அந்த வேறுபாட்டைத் தாங்கப் பசைக்குக் கொஞ்சம் நெகிழ்வு வேண்டும். ஈரத்திலும் அது நாளடைவில் தளரும். கல்லுக்குக் கீழே அது ஏற்கெனவே இருந்தால், மேலே ஓடவிட்ட எபாக்ஸி வெள்ளியைத் தொடுவதே இல்லை. காகிதத்தில் வரிசையை நிறுத்த அதைப் பயன்படுத்தலாம், வெள்ளி மேல் வேண்டாம்.

மெதுவாக இறுகும் இருபகுதி எபாக்ஸி. ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம். சமபங்கு, கண்ணளவில் அல்லாமல் எடைத்தட்டில். விகிதம் தவறினால் ஒரு மாதமானாலும் பிசுபிசுப்புப் போகாது. தகட்டின் உட்தளத்தை ஊசியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறிச் சொரசொரப்பாக்கி, அசிட்டோனில் துடைத்து, அதன்பின் விரல் படாமல் வேலை செய்யுங்கள். விரல் எண்ணெய் பட்ட இடத்தில் பசை பிடிக்காது. மூடவேண்டிய மெல்லிய கோடு இருந்தால் எபாக்ஸியில் ஜெட் தூள் அல்லது நீங்கள் அரைத்த அதே கல்லின் தூளைச் சிட்டிகை கலக்கலாம். அதிகம் கலந்தால் பிடிப்பு குறையும். 24 மணி நேரம் முழுதாக இறுகவிட்டுத்தான் வீலுக்குப் போக வேண்டும். மேலே கெட்டியாகவும் அடியில் பச்சையாகவும் இருக்கும் பசை தேய்ப்புச் சூட்டில் நகர்ந்துவிடும்.

#9 உமியோடு

ஏற்கிறேன் ஐயா. வெள்ளி மேல் வேண்டாம், வரிசை நிறுத்த மட்டும் என்று திருத்திக்கொள்ளலாம். அடுத்து, சிப் (நொறுக்கிய கல்) பதிப்பு பற்றியும் பேச வேண்டும். அதை ‘மட்டமான வேலை’ என்று ஒதுக்குகிறார்கள். டாமி சிங்கர் என்ற நவாஹோ கலைஞர் 1970களில் அதைப் பரவலாக்கியதிலிருந்து அது தனி மரபாகவே வளர்ந்திருக்கிறது. மயில், தண்டர்பேர்ட் வடிவப் பள்ளங்களில் நொறுக்கிய டர்க்காய்ஸும் பவழமும்.

செய்முறை: பள்ளம் 1 முதல் 1.5 மி.மீ. சில்லுகளைச் சல்லடையில் பிரியுங்கள். பெரியது முதலில், அதன் இடுக்கில் சிறியது, கடைசியில் தூள். எபாக்ஸியில் புரட்டி நனைத்து, பல் குத்தும் குச்சியால் அழுத்தி அடையுங்கள். வெறுமனே கொட்டி மேலே பசையை ஊற்றினால் அடியில் காற்று சிக்கும், தேய்க்கும்போது ஊசித்துளைகளாகத் திறக்கும். விளக்கொளியின் மிதமான சூட்டில் வைத்தால் எபாக்ஸி இளகிக் குமிழி மேலே வரும். அரை மி.மீ. கூடுதலாக நிரப்பி, இறுகிய பின் தேய்க்க வேண்டும். சில்லு போதாமல் பசை குளம்போல் நிற்கும் இடம் பிற்பாடு வெயிலில் மஞ்சளாகும், கல்லைவிடச் சீக்கிரம் பள்ளமாகும். நல்ல சிப் வேலையில் பெரிதாக்கிப் பார்த்தாலும் சில்லும் சில்லும் தொட்டுக்கொண்டிருக்கும். தரத்தை அளக்க இதைவிட நேரான வழி தெரியவில்லை.

#10 சுவடிப்பெட்டி

உமியோடு சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். முறையை வைத்து மதிப்பிடக் கூடாது, செய்த விதத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஆனால் விற்பனையில் பெயர் சரியாக இருக்க வேண்டும்: வெட்டிப் பொருத்தியதும் நொறுக்கி நிரப்பியதும் ஒரே விலைக்குரியவை அல்ல.

மறுகோடியில் நவாஹோ பதிப்பு எதுவரை போயிருக்கிறது என்று பார்க்க விரும்புவோர் மூன்று பெயர்களைத் தேடுங்கள். இரவு வானமும் கரடியும் பதித்த ஜெசி மொனோங்யா. மிக நுண்ணிய துண்டுகளால் ஓவியம்போல் பதிக்கும் கார்ல், ஐரீன் கிளார்க் இணையர். உயரம் மாறி மாறி நிற்கும் பவழ, டர்க்காய்ஸ் அடுக்குகளுக்கு ரேமண்ட் யாஸி. இவர்களுக்கு முன்னோடியாக ஹோப்பி இனத்தவரான சார்லஸ் லோலோமா கற்களைச் சமதளத்திலிருந்து எழுப்பி நிறுத்தினார். மோதிரத்தின் உட்புறத்திலும், அணிபவருக்கு மட்டும் தெரியும்படி, கல் பதித்தவர் அவர்.

#11 சாமணம்

தேய்ப்பு வரிசை? பவழம் பள்ளமாவதைத் தடுக்க வழியே இல்லையா?

#12 நீலப்பாறை

உண்டு. பஞ்சுபோன்ற எதையும் கடைசி வரை தொடாதீர்கள். பின்புறம் மென்மையான வீல் கடினக் கல்லைத் தாண்டி மென்கல்லுக்குள் அழுந்தும், பள்ளம் அங்கே பிறக்கிறது. தட்டையான, கெட்டி அடித்தளமுள்ள டைமண்ட் லேப், குறைந்த அழுத்தம், நிறைய நீர்.

220-ல் தொடங்கி, எல்லாச் சுவர்களும் ஒன்றுபோல மினுங்கும் வரை. ஒரு சுவர் மட்டும் முன்பே தெரிந்தால் கை சாய்கிறது என்று பொருள், நகையை 90 டிகிரி திருப்பிப் பிடியுங்கள். 100-ல் தொடங்க வேண்டாம், பவழத்தின் ஓரம் செதில் செதிலாகப் பெயரும், அந்த வடு 600-லும் போகாது. பிறகு 400, 600, 1200, 3000. ஒவ்வொன்றுக்கும் இடையே பல்துலக்கியால் கழுவுங்கள். வெள்ளித் துகள் மென்மையான சிப்பியிலும் பவழத்திலும் சாம்பல்நிறக் கறையாக ஏறும். அடுத்த எண் அதை உள்ளே அழுத்திவிடும்.

3000 வரை சரியாகப் போனால் பஃப் (மெருகுச் சக்கரம்) வேலை சில நொடிதான். ஸாம் போன்ற வெளிர்நிற மெழுகு, கெட்டியான தோல் அல்லது ஃபெல்ட். கருப்பு, சிவப்பு மெழுகு டர்க்காய்ஸின் நுண்துளையில் ஏறினால் வெளியே வராது. பஃப்பில் அழுத்தி நின்றால் பசை சூடேறும். நகை விரலுக்குச் சூடாகத் தெரிந்த உடனே நிறுத்துங்கள்.

சமதளமே வேண்டாம் என்றால் கூழாங்கல் முறை இருக்கிறது. ஒவ்வொரு கல்லையும் தனித்தனியே மேல்பக்கம் குவித்து, மெருகு முடித்த பிறகே பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுவார்கள். கடைசித் தேய்ப்பு கிடையாது, அதனால் கடின வேறுபாடு பிரச்சினையே இல்லை. மாறாகப் பசை ஒரு துளிகூட மேலேறக் கூடாது, எல்லாக் கல்லின் தோள் உயரமும் ஒன்றாக இருக்க வேண்டும். பவழமும் டர்க்காய்ஸும் கலக்க ஆசையிருந்தால் இதைத்தான் சொல்வேன்.

#13 பட்டறைக்கல்

காப்புக்கு வருகிறேன், பதக்கத்தின் பாடம் அங்கே பாதிதான் உதவும்.

முதலில் விறைப்பு. அடித்தகடு 1 மி.மீ.க்குக் குறையக் கூடாது, 1.3 நல்லது. 150 மி.மீ. நீளம், 25 மி.மீ. அகலம், 1 மி.மீ. தடிமன் எடுத்தால் அடித்தகட்டுக்கு மட்டும் 39 கிராம் வெள்ளி, 1.3 என்றால் 50 கிராம். சுவர், பற்றாசு, வீணாவது தனி. எடையைக் குறைக்கத் தகட்டை மெலியவிட்டால் ஒவ்வொரு முறை அணியும்போதும் காப்பு சிறிது விரியும், கல் பெயரும். பதித்த காப்பை மணிக்கட்டு அளவுக்கு நெருக்கவோ விரிக்கவோ முடியாது. அளவு முதலிலேயே சரியாக இருக்க வேண்டும். வளைத்த பிறகுதான் சுவர் பற்றவைப்பு, அதன்பிறகுதான் கல். பதிப்பை மேற்புறம் 60, 70 மி.மீ.யோடு நிறுத்தி, இரு முனைகளையும் அச்சு வேலையோடு வெறும் வெள்ளியாக விடுவதற்குக் காரணம், விரிவு கல் இல்லாத பக்கங்களில் நடக்கட்டும் என்பதுதான்.

அடுத்தது வளைவு. மணிக்கட்டு வளைவின் ஆரம் 30 மி.மீ., சுவர் 2 மி.மீ. உயரம் என்று வைப்போம். சுவர்கள் வெளிப்பக்கம் விரிந்து நிற்கும். அடியில் 4 மி.மீ. அகலமுள்ள அறை மேலே 4.27 ஆகிவிடும். சதுரமாக வெட்டிய கல் அடியில் இறுகி மேலே இரு பக்கமும் திறந்து கிடக்கும். ஆகவே ஒவ்வொரு பட்டைக்கல்லும் மேலே அகலமாக, பக்கத்துக்கு ஏறத்தாழ 4 டிகிரி ஆப்பு வடிவில் வரவேண்டும். நீலப்பாறை சாய்வு கூடாது என்று சொன்னதற்கு இது முரண் இல்லை. சுவரும் அதே கோணத்தில் சாய்ந்திருப்பதால் எவ்வளவு தேய்த்தாலும் இரண்டும் ஒட்டியே இருக்கும்.

#14 சாமணம்

பிரமாதம் ஐயா, இந்த 4 டிகிரிக் கணக்கை எங்கும் பார்க்கவில்லை. ஒப்பிட்டுப் படிக்க அசல் நகை ஒன்று வாங்குவதானால் எதைக் கவனிக்க வேண்டும்?

#15 சுவடிப்பெட்டி

சட்டம் முதலில். அமெரிக்காவில் 1990-ல் வந்த பழங்குடிக் கலை, கைவினைச் சட்டத்தின்படி, அங்கீகரிக்கப்பட்ட பழங்குடியைச் சேர்ந்தவரோ அந்தப் பழங்குடி சான்றளித்த கைவினைஞரோ செய்யாத பொருளைப் பழங்குடிப் பொருள் என்று விற்பது குற்றம். தனிநபருக்கு முதல் முறையே 2,50,000 டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டிலிருந்து அதே பாணியில் இறக்குமதியாகும் நகைகளில் தயாரிப்பு நாட்டின் பெயர் அழியாதபடி பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். அதைத் தேய்த்து எடுத்துவிட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். பின்புறத்தில் ஓரிடம் மட்டும் அரம் பட்டு மெலிந்திருந்தால் சந்தேகப்படுங்கள்.

ஆகவே நீங்கள் செய்யும் பதக்கம் எவ்வளவு நன்றாக வந்தாலும் அது நவாஹோ நகை அல்ல. ‘சேனல் முறையில் கல் பதித்த வெள்ளிப் பதக்கம்’ என்று சொல்லுங்கள். தினே மக்களின் யேயி தெய்வ உருவங்களையோ ஜூனியின் சூரியமுகத்தையோ எடுத்துப் பதிக்க வேண்டாம். அவை பொது வடிவங்கள் அல்ல, அந்த மக்களின் வழிபாட்டோடு சேர்ந்தவை.

வாங்கும்போது விற்பவரிடம் செய்தவர் பெயர், பழங்குடி, கல் எந்தச் சுரங்கம், உறுதிப்படுத்தியதா என நான்கையும் ரசீதில் எழுதிக் கேளுங்கள். முத்திரை மட்டும் போதாது. பழைய நகைகளில் கையெழுத்து முத்திரை பெரும்பாலும் இருக்காது, அது பரவலானது பிற்காலத்தில்தான். சாண்டா ஃபேயில் 1922 முதல் நடக்கும், அமெரிக்கப் பழங்குடிக் கலைஞர்களின் இந்தியன் மார்க்கெட்டில் கலைஞரிடமே நேரடியாக வாங்கலாம்.

#16 நீலப்பாறை

கல் போலிகளைப் பற்றிச் சுருக்கமாக. ‘பிளாக்’ என்று வருவது கல்லே அல்ல, நிறமேற்றிய ரெசின் கட்டி. கையில் எடை குறைவாக, குளிர்ச்சியில்லாமல் இருக்கும். சாயம் ஏற்றிய ஹவுலைட், மாக்னசைட் துண்டுகளை அசிட்டோன் தொட்ட பஞ்சால் மறைவான இடத்தில் துடைத்தால் பல சமயம் நிறம் பஞ்சுக்கு வரும். ஆனால் பதித்து முடித்த நகையில் அசிட்டோன் பசையையும் தாக்கும், எனவே வாங்கும் கல்லில் மட்டும், முடிந்த நகையில் வேண்டாம். பத்து மடங்கு லென்ஸில் சேர்ப்புக் கோட்டைப் பாருங்கள். எல்லாக் கோடும் ஒரே அகலத்தில் கறுப்பாக இருந்து கற்களின் மேல் மேட்ரிக்ஸ் ஒரே மாதிரி திரும்பத் திரும்ப வந்தால் அது அச்சில் வார்த்தது.

#17 உமியோடு

சுத்தம் செய்வது பற்றி ஒரு எச்சரிக்கை. நம் வீடுகளில் வெள்ளி என்றதும் புளி, எலுமிச்சை எடுப்போம். கல் பதித்த வெள்ளியில் கூடவே கூடாது. பவழமும் சிப்பியும் கால்சியம் கார்பனேட், அமிலம் பட்டால் மேல்மெருகு அரிக்கப்பட்டு வெளுக்கும். டர்க்காய்ஸுக்கும் அமிலம் ஆகாது. நனைத்தெடுக்கும் வெள்ளி திரவங்களும் அமிலக் கலவைதான். விபூதி போட்டுத் தேய்த்தால் சேர்ப்புக் கோட்டில் தூள் தங்கிவிடும். மெருகுத் துணியால் வெள்ளிப் பகுதியை மட்டும் துடைத்து, கல்லை ஈரத் துணியால் ஒற்றியெடுத்து உடனே உலர்த்தினால் போதும். அல்ட்ராசோனிக் தொட்டி, நீராவி இரண்டும் பசையை உலுக்கிவிடும். வாசனைத் திரவியம், எண்ணெய் பூசிய பிறகு அணிந்தால் உறுதிப்படுத்தாத டர்க்காய்ஸ் நாளடைவில் பச்சையாகும்.

#18 சாமணம்

கடைசியாக ஒன்று. பதித்து முடித்த நகையில் நடுவில் ஒரே ஒரு கல் உடைந்தால் மற்றவற்றைத் தொடாமல் அதை மட்டும் மாற்ற முடியுமா?

#19 பட்டறைக்கல்

முடியும். கல்லைப் பெயர்க்கச் சூடு காட்டாதீர்கள், கரைப்பானில் ஊறவைக்கவும் வேண்டாம். எபாக்ஸியைக் கரைக்கும் திரவம் பக்கத்துக் கல்லின் பசைக்கும் போகும், உறுதிப்படுத்திய டர்க்காய்ஸின் ரெசினையும் தாக்கும்.

1 மி.மீ. டைமண்ட் பர் (சிறு குடைமுனை), சொட்டுச் சொட்டாக நீர். உடைந்த கல்லின் நடுவில் தொடங்கித் தகட்டுக்கு 0.2 மி.மீ. முன்பு வரை குடைந்து, பிறகு ஓரம் நோக்கி நகருங்கள். சுவரிலிருந்தோ பக்கத்துக் கல்லிலிருந்தோ 0.3 மி.மீ. எஞ்சும்போது பர்ரை நிறுத்திவிட்டு, கூரான செதுக்குளியால் அந்த மெல்லிய ஓரத்தை உள்பக்கம் நோக்கி நெம்பினால் பெயர்ந்து வரும். வெளிப்பக்கம் நெம்பினால் அடுத்த கல்லின் விளிம்பு போய்விடும். அடியில் எஞ்சிய பசையைச் சுரண்டி, அசிட்டோன் தொட்ட குச்சியால் அந்தத் தளத்தை மட்டும் துடையுங்கள்.

புதுக் கல்லை வெளியிலேயே மெருகு முடித்து, அக்கம்பக்கத்துக்குச் சமமான உயரத்தில் வெட்டுங்கள். சுற்றியுள்ள கல்லும் வெள்ளியும் ஏற்கெனவே மெருகானவை என்பதால் இங்கே மீண்டும் 220-க்குப் போக முடியாது, 0.05 மி.மீ. மேலே நின்றால் 1200-லிருந்து இறக்கிக்கொள்ளலாம். தாழ்ந்துவிட்டால் எடுத்துவிட்டு வேறு கல்தான் வெட்ட வேண்டும்.

#20 நீலப்பாறை

ஐயா சொன்னதோடு ஒன்று: பழைய டர்க்காய்ஸ் அணிந்து அணிந்து நிறம் மாறியிருக்கும். புதுக் கல்லை நகையின் மற்றக் கற்களோடு பகல் வெளிச்சத்தில், ஈரமாக்கிப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஈரத்தில் தெரியும் நிறம்தான் மெருகுக்குப் பின் தெரியும் நிறத்துக்கு நெருங்கியது.